ரெண்டு சொல்ல ஒரு ஆள்

பட்டாணி உரிச்சுக்கிட்டே பேசுறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கையில வேலை இருந்தாத்தான் எனக்கு வாயில பேச்சு வரும். சும்மா உக்காரச் சொன்னா உங்க செருப்பப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். அந்த மோடா முக்காலிய வெயில்ல இழுத்துப் போட்டு உக்காருங்க. இந்தப் பட்டாளக் குவார்ட்டர்ஸ்ல இந்த மாசம் பூரா எல்லாரும் வெயில்ல உக்காந்து பட்டாணிதான் உரிக்கிறாக. உரிச்சு ஃப்ரிட்ஜுல வச்சா கோடை வரைக்கும் வருமாம். பக்கத்து வீட்டு சுனிதா தீதி எனக்கும் சேத்து மூணு கிலோ வாங்கியாந்து போட்டாக. கோடையில நாங்க இங்க இருப்போமான்னே தெரியல. அது உங்க கையிலதான் இருக்கு.

கொஞ்சம் காலத் தூக்குங்க மேடம். ஒண்ணு உருண்டு போச்சு. இருங்க, எடுத்துர்றேன். ஒண்ணுகூடத் தரையில கிடக்கக் கூடாது எனக்கு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

நீங்க தமிழ்ல பேசுவீங்கன்னு எங்க வீட்டுக்காரவுகளுக்கே தெரியாது. காலையில என்கிட்டச் சொல்லித்தான் வச்சாக. "ஆலோசகர் மேடம் வருவாக ஜோதி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீட்டாத." நான் எங்கங்க நீட்டுறது, எனக்கு இந்தியில தெரிஞ்சதே அச்சா, நஹி, போதும்னு சொல்ற பஸ், இந்த மூணுதானேன்னேன். நீங்க வந்து "நல்லாருக்கியாம்மா"ன்னு கேட்டதும் எனக்குக் கண்ணு ரெண்டும் கலங்கிருச்சு. ஏழு மாசம் ஆச்சு, போன்ல இல்லாம நேருக்கு நேரா ஒரு பொம்பள தமிழ் பேசிக் கேட்டு. ஊர்லகூட நான் இம்புட்டுப் பேசுனதில்ல. எங்க ஆத்தா கேட்டா நம்பாது.

அவுக உள்ளதான் இருக்காக. கதவு தொறந்து கிடக்குல்ல, அந்த ரூம்புதான். திங்கக்கிழமை பெரிய ஆபீசருக முன்னாடி பாடம் எடுத்துக் காட்டணும்ல. அதுக்குப் படிக்கிறாக.

எனக்குத் தெரியும் மேடம், உங்க கையில இருக்கிற அந்தத் தாள் எதுக்குன்னு. வீட்டுல எப்படி நடந்துக்கிறாருன்னு நீங்க எழுதுவீங்க. நல்லா இருக்காருன்னு எழுதுனா, ஊட்டிப் பக்கம் மலையில இருக்கிற சென்டருக்கு வாத்தியாராப் போடுவாக. மன உறுதி வாத்தியார். ரெக்ரூட்டுப் பசங்களுக்குப் பயப்படாம இருக்கச் சொல்லிக் குடுக்கிற வேலை. ரெண்டு வருசம். குவார்ட்டர்ஸ் உண்டு. சாயங்காலம் பஸ் ஏறுனா விடிய எங்க ஊரு கமுதி. இல்லன்னு எழுதுனா பங்குனியில மறுபடியும் மேல, பனிக்கு. அதனால நீங்க என்ன கேட்டாலும் நான் ஒண்ணுதான் சொல்வேன். உறுதியான ஆளு. நாயக் முத்திருள் மாதிரி உறுதியான ஆள நான் பாத்ததில்ல. எழுதிக்கங்க.

எப்படிச் சொல்றேன்னா, அந்த ஆறு வாரப் பயிற்சி இருக்குல்ல, அதுக்கு இந்த யூனிட்லயிருந்து மூணு பேரத்தான் அனுப்புனாக. அதுல இவுக ஒருத்தரு. வரும்போது ஒரு நோட்டு நெறைய எழுதிக்கிட்டு வந்தாக. எல்லாம் தமிழ்ல, எங்க பக்கத்துப் பசங்களுக்குப் புரியணும்ல. நான் அஞ்சாப்போட நின்னவ மேடம், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா அந்த நோட்டு எனக்கு மனப்பாடம். பீரோ முன்னாடி நின்னு இவுக பாடம் எடுப்பாக, நான் கீழ உக்காந்திருப்பேன். நான், மடியில பிள்ளை தர்ஷி, பக்கத்துல குக்கரு. நாங்க மூணு பேருதான் முப்பத்திரண்டு ரெக்ரூட்டு.

"சந்தேகம் இருந்தா கேளுங்க"ம்பாக.

"ஐயா, ரொம்பப் பயமா இருந்தா என்னய்யா செய்யணும்?"

"மூச்சு. நாலு எண்ணி இழு, நாலு எண்ணி நிறுத்து, நாலு எண்ணி விடு."

"அப்பவும் பயம் போகலன்னா?"

"நீ ரெக்ரூட்டா, வக்கீலா?"ன்னுட்டுச் சிரிப்பாக.

மூச்சு ஒண்ணு. ரெண்டாவது மனசுல படம் ஓட்டுறது. சுவரு ஏறணும்னா மொதல்ல மனசுக்குள்ள ஏறிப் பாக்கணும், கை எங்க வைக்கிறது, கால் எங்க வைக்கிறதுன்னு. நான்கூட ஓட்டிப் பாத்தேன். கேன்டீன்ல போயி இந்தியில தேங்காண்ணெய் கேக்கணும். நாற்பது தடவை மனசுலயே போனேன், கேட்டேன், வாங்குனேன், வந்தேன். நெசமாப் போயி நின்னா அந்த ஆளு என்னமோ திருப்பிக் கேக்குறாரு. என் படத்துல அவரு ஒண்ணுமே கேக்கல மேடம். கடுகெண்ணெயத் தூக்கிக்கிட்டு வந்து நின்னேன். இவுக அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சாக. அது புரட்டாசி மாசம். அதுக்கப்புறம் அந்த மாதிரிச் சிரிச்சாகளா... இருக்கும். எனக்கு ஞாபகம் இல்ல.

மூணாவது, ஆளுக்கொரு வார்த்தை வச்சுக்கணும். கஷ்டம் வரும்போது தனக்குத்தானே சொல்லிக்க. இவுக வார்த்தை "நிக்கிறேன்." என்னைய ஒண்ணு சொல்லச் சொன்னாக. நான் "பாத்துக்கலாம்"னேன். "அது வார்த்தையாடி, கடன்காரனுக்குச் சொல்ற பதிலு மாதிரி இருக்கு. வலுவா ஒண்ணு சொல்லு"ன்னாக. எனக்கு வேற வரல. நாலாவது, முழு மலையப் பாக்காத, அடுத்த அடிய மட்டும் பாருங்கிறது. அது லேசா இருக்கும் எனக்கு. துணி துவைக்கிறப்ப அப்படித்தானே செய்றோம்.

வீட்டுலயும் அப்படித்தான் மேடம், எந்நேரமும் பயிற்சி. தீபாவளிக்கு இந்த லைன் பூரா வெடி. ஆம்பளைக எல்லாம் வாசல்ல நின்னு ஆட்டம் போடுறாக. இவுக போகல. குளிக்கிற ரூம்புக்குள்ள போயி, கதவத் தொறந்து வச்சுக்கிட்டு, தரையில உக்காந்து பயிற்சி செஞ்சாக. ரெண்டு மணி நேரம். பலகாரம் சாப்பிடக் கூப்பிட்டாக்கூட அசையல. யாருக்கு வரும் அந்தக் கட்டுப்பாடு?

குளிரும் அப்படித்தான். இந்தத் தை மாசக் குளிர்ல நானும் பிள்ளையும் ரெண்டு பஞ்சு ரஜாயிப் போர்வைக்குள்ள கிடக்கோம். இவுக மேல ஒரு துண்டுகூடப் போடவிட மாட்டாக. தூக்கத்துல நான் போர்வைய இழுத்து மூடுனா எட்டித் தள்ளிட்டு எந்திரிச்சு உக்காந்துருவாக. கதவும் சாத்தக் கூடாது, சன்னலும் சாத்தக் கூடாது. ஒடம்ப அப்படி உரமேத்தி வச்சிருக்காக.

எதுக்கு மேடம் எழுதுறீங்க? போர்வையவா குறிச்சீங்க? அது ஒரு பேச்சுக்குச் சொன்னேன். குளிர் தாங்குவாருன்னு எழுதுங்க. இருங்க, அந்தா இன்னொண்ணு உருண்டு போகுது.

காலையில எந்திரிச்சதும் மூச்சுப் பயிற்சி. அதுக்கு மட்டும் நான் வேணும். அவுக "ஒண்ணு"ம்பாக, நான் "ரெண்டு"ங்கணும். அவுக "மூணு", நான் "நாலு." அப்படி மாத்தி மாத்தி. தனியா எண்ணுனா என்னங்கன்னு ஒருநாள் கேட்டேன். "முறை அப்படி"ன்னாக. நோட்டுல அப்படி முறை ஒண்ணும் இல்ல மேடம், எனக்குத்தான் நோட்டு மனப்பாடமாச்சே. ஆனா கடைசிப் பாடத்துல ஒரு உதாரணம் எழுதிருக்காக. பனி சரிஞ்சு ரெண்டு வீரர்கள் உள்ள மாட்டிக்கிறாக. ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியல, சத்தம் மட்டும் கேக்குது. பயப்படாம இருக்க ஒருத்தர் ஒண்ணு சொல்றாரு, மத்தவரு ரெண்டு சொல்றாரு. அப்படியே எண்ணிக்கிட்டு மூச்ச அளந்து விடுறாக. ஆள்கள் வந்து தோண்டி ரெண்டு பேரையும் உயிரோட எடுக்கிறாக. மன உறுதி வென்றதுன்னு போட்டு அடியில கோடு போட்டிருக்காக.

அது இவுகதான் மேடம். இவுகளும் சாபு அண்ணனும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. சாபு அண்ணன் பிழைக்கல. கொல்லத்துல அவுக வீட்டுக்கு நாங்க போயிருந்தோம், படத்துக்கு மாலை போட்டிருந்துச்சு. இவுக வாசல்லயே நின்னுக்கிட்டாக, உள்ள வரல. நான்தான் போயி அந்த அக்கா கையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பாடத்துல ரெண்டு பேரும் பிழைச்ச மாதிரி எழுதிருக்காக. பாடம்னா அப்படித்தானே எழுதணும், பசங்க படிக்கிறது.

ஏன் மேடம் அந்த ரூம்பையே பாக்குறீங்க? நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டனா? நீட்டாதன்னாக, நீட்டிட்டேன்.

இல்ல, அவுக உறுதிக்கு ஒரே ஒரு சாட்சி சொல்றேன், அத எழுதுனாப் போதும். இத நான் யாருகிட்டயும் சொல்லல, என் வெக்கக்கேடும் இதுல இருக்கு.

போன வியாழக்கிழமை. இதே பட்டாணிதான், மொத வாங்குனது. உள்ள தரையில தட்ட வச்சுட்டு அடுப்பப் பாக்கப் போனேன். தர்ஷி தட்டுப் பக்கத்துல உக்காந்து என்னமோ பாடிக்கிட்டு இருக்கா. ஒரு வருசம் நாலு மாசம், அவ பாட்டு அவளுக்குத்தான் புரியும். இவுக அங்கனயே உக்காந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டு இருக்காக. அப்பா பக்கத்துல இருக்காகங்கிற தைரியத்துலதான் போனேன். பாட்டு நின்னுபோச்சு மேடம். பிள்ளை கத்துனா எனக்குப் பயமில்ல. சத்தம் நின்னாத்தான் பயம். திரும்பிப் பாத்தா வாயத் தொறந்து வச்சிருக்கா, சத்தமே வரல. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆகுது.

இவுக எந்திரிச்சு நிக்கிறாக. பிள்ளைக்கு நேரா, ரெண்டு கையும் தொடையோட ஒட்டி, பரேடுல நிக்கிற மாதிரி. ஒரு விரல் அசையல. அந்த நேரத்துலயும் மூச்சுப் பயிற்சி மேடம். "ஒண்ணு"ங்கிறாக. கொஞ்சம் விட்டு மறுபடியும் "ஒண்ணு." அம்புட்டு நிதானம்.

நான்தான் உறுதி கெட்ட சிறுக்கி. ஓடிப்போயி பிள்ளையப் பறிச்சு, முழங்கை மேல குப்புறப் போட்டு, தலையக் கீழ சாச்சு, முதுகுல தட்டுறேன். அவ பிறந்தப்ப ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ஒரு துணிப் பொம்மைய வச்சுச் செஞ்சு காட்டுச்சு. அந்த நர்ஸம்மா கைதான் கண்ணு முன்னாடி வந்து நிக்கிது, எங்க வைக்கணும், எப்படித் தட்டணும்னு. இவுக படிச்சுப் படிச்சுச் சொல்லிக் குடுத்த பாடம் ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் வரல. வாய் பாட்டுக்கு "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்"னு சொல்லுது. ஒரு தட்டு. வரல. இன்னும் ஒரு தட்டு, அவ்வளவுதான், அத மட்டும் நெனச்சேன். நாலாவது தட்டோ அஞ்சாவதோ, பச்சையா ஒண்ணு தெறிச்சு விழுந்துச்சு. பிள்ளை வீல்னு கத்துனா. அதுக்கப்புறம்தான் நான் அழுதேன், சுனிதா தீதி ஓடிவர்ற அளவுக்கு. அடிச்ச அடியில பிள்ளை முதுகு செவந்து கிடக்கு. சொந்தப் பிள்ளைய அடிச்சுட்டு அழுகுறேன். அவுக இன்னும் நிக்கிறாக. "ஒண்ணு"ங்கிறாக. நான் ரெண்டு சொல்லல. பிள்ளை கையில இருந்துச்சு, வரல எனக்கு.

என் மேல கோவம் போல. அன்னையிலருந்து பிள்ளையத் தூக்கல. தீதிதான் பகல்ல வச்சுக்கிறாக, இப்பக்கூட அங்கதான் தூங்குறா. அவ அப்பா பக்கத்துல போனா இவுக எந்திரிச்சு வேற ரூம்புக்குப் போயிர்றாக. செல்லம் குடுக்காம உறுதியா வளக்கணும்னு நெனைக்கிறாக போல.

என்ன மேடம், திரும்பச் சொல்லுங்க.

பிள்ளையக் காப்பாத்துனது யாருன்னா? இது என்ன கேள்வி. நான் சும்மா பதறுனேன். பதறுனதுல கை தட்டிருச்சு.

படம், வார்த்தை, அடுத்த அடின்னு மூணும் அதுல இருந்துச்சா? எங்க இருந்துச்சு? நீங்க பேசுறது எனக்கு வெளங்கல. அவுக கேட்டாச் சிரிப்பாக. சிரிச்சா நல்லாத்தான் இருக்கும்.

உங்கள அக்கான்னு கூப்பிடவா? மேடம் மேடம்ங்கிறது வாய் வலிக்குது.

நான் வீட்டுல இல்லாதப்ப யாரு ரெண்டு சொல்லுவான்னு கேக்குறீங்க. நான் எங்கக்கா போறேன். பத்து நாளைக்கு முன்னாடி சந்தைக்குப் போனேன். ஒரு மணி நேரந்தான் இருக்கும். திரும்பி வந்தா, போகும்போது உக்காந்திருந்த அதே எடத்துல உக்காந்திருக்காக. நாக்கு ஒட்டிப் போயிருக்கு. உதடு மட்டும் அசையுது. கிட்டப் போயிக் கேட்டா, ஒண்ணு. நான் பைய அப்படியே கீழ போட்டுட்டு ரெண்டு சொன்னேன். மூணுன்னாக. நாலுன்னேன். கண்ணுலயிருந்து தண்ணி ஊத்துது, தொடைக்கவே இல்ல. அப்புறம் எந்திரிச்சு முகம் கழுவிட்டு டீ கேட்டாக. அதுலயிருந்து நான் கடைக்குப் போறதில்ல. பரேடுல, ஆபீசுல எப்படிச் சமாளிக்கிறாகன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்ல.

திங்கக்கிழமை பாடம் எடுக்கிறப்ப முப்பத்திரண்டு பசங்க இருப்பாங்கள்ல, அதுல ஒருத்தன் சொல்ல மாட்டானா? வாத்தியார் ஒண்ணுன்னா பசங்க ரெண்டுங்கிறது வழக்கம்தானே. சொல்லுவான். நான் அப்படித்தான் நெனச்சு வச்சிருந்தேன். மனசுல படம் ஓட்டிப் பாத்துருக்கேன், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. அவுக பச்சைப் புல்லுல நிக்கிறாக, பின்னாடி மலை, நான் தூரத்துல பிள்ளையோட நின்னு பாக்குறேன். அவுக ஒண்ணுங்கிறாக. படம் அங்கனயே நின்னுபோகுதுக்கா. மேல ஓட மாட்டேங்குது.

ஏன் பேனாவ மூடிட்டீங்க? நீங்க ஒண்ணும் எழுதலன்னா இல்லன்னு ஆயிருமா? மேல அனுப்பிருவாங்களா? அனுப்ப மாட்டாங்களா? நெசமாவா. ஆஸ்பத்திரியில வச்சுப் பாப்பீங்களா. அது தண்டனை இல்லங்கிறீங்க. பெரிய பெரிய ஆபீசருகளுக்கே பாத்துருக்கேங்கிறீங்க. ஆனா ஊட்டி மலைக்குப் போக முடியாது இந்த வருசம், அப்படித்தானே? எனக்கு அந்த மலை வேணும்க்கா. எங்க ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன். அது எங்க தெருப் பூராச் சொல்லிருச்சு. தர்ஷி வாய்லயிருந்து அப்பா அம்மாவத் தாண்டி வர்ற மொதப் பேச்சு தமிழ்லதான் வரணும்னு வேண்டி வச்சிருக்கேன்.

என்னையவும் கூட இருக்க விடுவாங்களா அங்க? ராத்திரி பகல்னு இல்ல, அவுக எப்ப ஒண்ணு சொன்னாலும் ஒரு ஆளு பக்கத்துல வேணும். அந்த ஆளு கோவிச்சுக்காம ரெண்டு சொல்லணும். நர்ஸுக இந்தியில சொன்னா இவுகளுக்கு ஆகாது, சாபு அண்ணன் தமிழ்லதான் எண்ணுனாராம். மலையாளத்துக்காரரு, இவுகளுக்காகத் தமிழ்ல. அத நீங்க எழுதிக்கங்க. இத எழுதலாம்.

இல்ல, எழுதாதீங்க. கொஞ்சம் பொறுங்க. அவுக வந்து என்னைய, "ஏன் ஜோதி இப்படிப் பண்ணிட்ட"ன்னு ஒரு பார்வை பாத்தா நான் எங்க போவேன். ஆனா பிள்ளையத் தூக்காம எத்தனை நாளைக்குக்கா? அவ அப்பா அப்பான்னு கையத் தூக்கிக்கிட்டுப் போறா. அவுக எந்திரிச்சுப் போறாக. என் மேல கோவம்னு சொன்னேன்ல, அது பொய்யிக்கா. எனக்குத் தெரியும். அவுகளுக்குப் பயம். தூக்குனா மறுபடியும் அப்படி நின்னுருவமோன்னு. ஒரு தடவை தூங்குற பிள்ளை காலத் தொட்டுட்டு, சுட்ட மாதிரிக் கைய எடுத்துக்கிட்டாக. நான் தூங்குற மாதிரிக் கெடந்தேன்.

முன்னாடி உறுதின்னு எழுதச் சொன்னேன்ல, அது அங்க இருக்கா? இருந்தா அதுக்குக் கீழ இன்னொரு வரி போடுங்க. அஞ்சாப்புப் படிச்சவ சொன்னதுன்னு போட்டாலும் சரி. நாயக் முத்திருளுக்கு...

கேட்டுச்சாக்கா? உள்ளயிருந்து. ஒண்ணுன்னாக. இந்தத் தட்டக் கொஞ்சம் மடியில வச்சுக்கங்க, ஒண்ணும் கீழ உருளாமப் பாத்துக்கங்க, தீதி பிள்ளையத் தூக்கிட்டு வர்ற நேரம். போயிறாதீங்க. மூடுன பேனாவத் தொறந்து வைங்க, நான் போயி ரெண்டு சொல்லிட்டு வந்து மிச்சத்தச் சொல்றேன்.